சுவர் யாருடையது? பொதுவெளியில் கலை செய்யச் சென்னைக்கு வருகிறவர்களுக்கு

வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். "அண்ணா, கும்பகோணத்துல ஓவியப் படிப்பு முடிச்சிட்டேன். தெருவுல வேலை செய்யணும். எங்க ஆரம்பிக்கிறது?"

எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. சுவரோவியம், பூங்காவில் பொருள்களை வைத்து அமைக்கும் நிறுவல் (இன்ஸ்டலேஷன்), குப்பத்து மணலில் நிகழ்த்துதல் என்று மாற்றி மாற்றிச் செய்து ஏழு வருடம் ஓட்டியிருக்கிறேன். முதல் இரண்டு வருடம் கற்றுக்கொள்ளக் கட்டிய ஃபீஸ். ஒரு சுவர் பாதி வரைந்திருக்கும்போதே வெள்ளையடிக்கப்பட்டது. ஒரு வேலைக்குப் பணம் பதினான்கு மாதம் கழித்து வந்தது. இன்னொரு வேலை, எனக்கே தெரியாமல், ஒரு கம்பெனியின் மாதக் காலண்டரில் வந்திருந்தது. மூன்றிலும் என் கையில் சரியான காகிதம் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் தூரிகை குறைவு, ஃபைல் அதிகம்.

சென்னையை வைத்தே எழுதுகிறேன். மதுரையிலும் கோவையிலும் அலுவலகங்களின் பெயர் மாறும், வேலையின் வரிசை மாறாது.

1. சுவரின் சொந்தக்காரரைக் கண்டுபிடியுங்கள்

ஓவியத்தை யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ஒரு பாலத்தை ஒட்டிய சுவருக்கு ஓர் அலுவலகத்தில் அனுமதி வாங்கினேன். கடிதம் இருந்தது, முத்திரை இருந்தது. நான்காம் நாள் மதியம் சாரத்தின் மேல் இருக்கும்போது கீழே ஒரு வண்டி நின்றது. சுண்ணாம்பு வாளியோடு நாலு பேர் இறங்கினார்கள். வேறொரு துறையின் ஆட்கள். கடிதத்தைக் காட்டினேன். மேஸ்திரி பொறுமையாகப் படித்தார். "லெட்டர் கரெக்டுதான் தம்பி. ஆனா சுவர் அவங்களோடது இல்லையே." அரை மணி நேரத்தில் 200 சதுரடி வெள்ளை.

நம் கண்ணுக்குத் தெரு ஒன்றுதான். ஆவணத்தில் அது பல துண்டு. பொதுவாக உட்சாலைகள், பூங்காக்கள், மாநகராட்சிப் பள்ளிகள் பெருநகர சென்னை மாநகராட்சிக்குச் சேர்ந்தவை. பெரிய சாலைகளும் பல பாலங்களும் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. பறக்கும் ரயில் நிலையச் சுவர் தெற்கு ரயில்வே. மெட்ரோத் தூண் மெட்ரோ நிறுவனம். தெருவோர பில்லர் பாக்ஸ் மின்வாரியம். கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளின் பிளாக்குகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையவை. பழைய ஆட்கள் இன்னும் குடிசை மாற்று வாரியம் என்றுதான் சொல்வார்கள். பழைய கோயில், கோட்டை பக்கம் என்றால் தொல்லியல் துறையின் பாதுகாப்பு எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வந்தால் வேறு சுவர் தேடுவதே நல்லது.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். சென்னையில் 200 வார்டு. உங்கள் சுவர் எந்த வார்டு என்று தெரிந்துகொண்டு, அந்த வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைக் காலை 10 மணிக்குப் பிடியுங்கள். அதற்குப் பிறகு அவர் களத்துக்குப் போய்விடுவார். சுவரின் போட்டோவையும் கூகுள் மேப் இடத்தையும் போனில் காட்டினால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். சந்தேகம் என்றால் நில அளவை எண்ணை வாங்கி, தமிழக அரசின் இணையச் சேவையில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்கலாம். அதிலும் தெளிவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் சுவர் சுலபம் என்று நினைக்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர் "தாராளமா வரைங்க" என்பார், வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருப்பார். கையெழுத்து வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் தீர்மானம் வேண்டும், செயலாளரின் வாட்ஸாப் போதாது.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. இரவு ரோந்து வரும் காவலருக்கு, கடிதம் இல்லாத ஓவியரும் போஸ்டர் ஒட்டுபவரும் ஒன்றுதான்.

2. தெருவிடம் கேளுங்கள்

அரசு அனுமதி சுவரில் வரையத்தான். அது அங்கே நிலைத்திருக்கத் தெருவின் அனுமதி வேண்டும். சுவரின் மூலைகளை முதலில் பாருங்கள். ஒரு கட்சியின் எழுத்தும் இரண்டு வருட எண்ணும் சிறிதாக இருக்கும், இந்த வருடத்திலிருந்து அந்த வருடம் வரை என்று. அந்தச் சுவர் புக் ஆகிவிட்டது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை, தெருவில் இருக்கிறது. அந்தக் கட்சியின் வட்டச் செயலாளரைப் போய்ப் பார்த்துப் பேசிவிடுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள். கேட்காமல் வரைந்தால் தேர்தல் அன்று உங்கள் ஓவியத்தின் மேல் சின்னம் இருக்கும்.

நிறத்தில் கவனம். கல்லூரியில் நிறத்துக்கு வெப்பம், குளிர்ச்சி என்று பாடம் நடத்தினார்கள். நம் ஊரில் நிறத்துக்குக் கட்சி உண்டு, சில மாவட்டங்களில் சாதியும் உண்டு. இரண்டு நிறம் பட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது கொடி. ஸ்கெட்சைத் தெருவில் நாலு பேரிடம் காட்டி, "இது என்ன மாதிரி தெரியுது?" என்று கேளுங்கள். ஒரு தடவை நான் வரைந்த சேலை முந்தானை மூன்று பேருக்குக் கொடியாகத் தெரிந்தது. மாற்றினேன்.

மீனவக் குப்பம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அங்கே ஆணி அடிக்கக்கூட முடியாது, அப்படி இருப்பதுதான் சரியும்கூட. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவில் கர்நாடக இசையும் கூத்தும் பறையும் ஒரே மேடைக்கு வந்தன. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தாமல் அது நடந்திருக்காது.

மறுகுடியமர்வுப் பகுதிகளில் இன்னொரு கேள்வியும் வரும். "சுவத்துக்கு கலர் அடிக்கிறீங்க, குழாயில தண்ணி எப்ப வரும்?" இதற்கு உங்களிடம் பதில் இருக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்று கேளுங்கள். கண்ணகி நகரில் 2020இல், பொதுவெளிக் கலைக்காக இயங்கும் ஸ்டார்ட் இந்தியா (St+art India) அமைப்பு மாநகராட்சியின் துணையோடும் பெயிண்ட் நிறுவனத்தின் ஆதரவோடும் பெரிய கட்டடங்களில் வரைந்ததைப் போய்ப் பாருங்கள். ஓவியங்களோடு அங்கே இருப்பவர்கள் அவற்றைப் பற்றிப் பேசுவதையும் கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டு விதமாகவும் பேசுவார்கள்.

3. அனுமதிக் கடிதம்

தமிழில் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சுவர் இருக்கும் இடம், நீள உயரம் அடியில், வேலை நடக்கும் தேதிகள், செலவு யாருடையது, சாரம் நடைபாதையை மறிக்குமா, எத்தனை வருடம் இருக்கும், யார் பராமரிப்பார்கள் ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும். "செலவு முழுவதும் எங்களுடையது" என்ற வரி இருந்தால் ஃபைல் வேகமாக நகரும். இணைப்பாகச் சுவரின் இப்போதைய போட்டோ, அதே போட்டோவின் மேல் ஓவியத்தை ஒட்டிய மாதிரிப் படம், ஆதார் நகல், முன்பு செய்த வேலைகளின் இரண்டு படங்கள்.

மாதிரிப் படத்தைக் கலரில் பிரிண்ட் போடுங்கள். ஃபைலைப் பார்க்கும் ஐந்து பேரில் நாலு பேர் கடிதத்தைப் படிக்க மாட்டார்கள், படத்தைத்தான் பார்ப்பார்கள்.

தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் பதிவு எண்ணும் வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது "போன மாசம் குடுத்தேன் சார்" என்றால் ஒன்றும் நடக்காது. எண்ணைச் சொன்னால்தான் ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று தேடுவார்கள். என் அனுபவத்தில் கடிதம் கைக்கு வர ஆறிலிருந்து எட்டு வாரம். ரயில்வே என்றால் அதைவிட அதிகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் முகப்பில் 2021இல் ஏ-கில் என்ற சுவரோவியர் வரைந்த பிரம்மாண்ட முகங்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஸ்டேஷனில் செய்ய வேண்டும் என்று பலர் வருகிறார்கள். எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வுக்கான அந்த வேலையின் பின்னால் அமைப்புகள் இருந்தன. தனி ஆளாக ரயில்வே கதவைத் தட்டுவது முதல் வேலைக்கு வேண்டாம்.

காலக் கணக்கில் இரண்டு பொறி. தேர்தல் அறிவிப்பு வந்ததும் நடத்தை விதிகள் அமலாகும். புது உத்தரவு எதுவும் வராது, தலைவர்கள் முகம் இருக்கும் சுவரெல்லாம் மூடப்படும். அரசுப் பணத்தில் நடக்கும் வேலை என்றால் மார்ச்சுக்குள் பில் போக வேண்டும். ஏப்ரலில் போனால் அந்தத் தலைப்பில் நிதி இருக்காது.

4. நிகழ்த்துகலையும் நிறுவலும் என்றால்

சுவர் அனுமதி இதற்குச் செல்லாது. ஆட்கள் கூடும் எதற்கும் காவல் துறை அனுமதி வேண்டும். சென்னையில் குறைந்தது ஐந்து நாள் முன்னால் மனு கொடுக்க வேண்டும், நான் பதினைந்து நாள் முன்னாலேயே கொடுத்துவிடுவேன். சாலையோரம் என்றால் போக்குவரத்துக் காவலுக்கும் ஒரு நகல். மைக் வைத்தால் அதையும் தனியாகக் குறிப்பிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீஸிடம் காட்ட வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால், தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் அந்தப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்துவிட்டது என்று பணிவாகச் சொல்லலாம். பணிவு முக்கியம். மெரினாவில் கூட்டம் சேர்க்கும் நிகழ்ச்சிக்கு அனுமதி கிடைப்பது கடினம், அங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

நிறுவலில் மூன்று செலவை எல்லோரும் மறப்பார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் எதற்கும் கட்டுமானப் பொறியாளரின் சான்று, இரவுக் காவலாளி, முடிந்தபின் பிரித்து எடுத்துப்போகும் வண்டி. காவலாளி எதற்கு என்று கேட்டால், தெருவில் இரும்பும் தகரமும் மூன்றாவது இரவைத் தாண்டுவதில்லை. இப்போது மூங்கில், பழைய வலை, துணி என்று காயலான் கடையில் விலை போகாத பொருளாகவே தேர்ந்தெடுக்கிறேன். விளக்கு வைப்பதாக இருந்தால் பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள், மழை ஒன்று போதும். தற்காலிக இணைப்பு வாங்குங்கள், அல்லது பேட்டரி விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. சுவரும் பருவமும்

தையிலிருந்து ஆனி வரை வேலை செய்யலாம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் வெளிச்சுவர் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். கத்திரி வெயிலில் வரைந்தால் ரோலர் சுவரைத் தொடும் முன்பே பெயிண்ட் காய்ந்துவிடும். காலை 6 முதல் 10, மாலை 4 முதல் வெளிச்சம் இருக்கும் வரை. மேற்குப் பார்த்த சுவருக்குக் காலை மட்டும்.

புதுப் பூச்சு என்றால் 28 நாள் ஆறட்டும். பழைய சுவர் என்றால் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் சுண்ணாம்பு, சுரண்டியே ஆக வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் பஞ்சு மாதிரிப் பூத்திருந்தால் அது உப்பு. கடற்கரைப் பக்கம் இது இல்லாத சுவரே இல்லை. பட்டி பார்த்து மறைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார், ஆறு மாதத்தில் பட்டியோடு உரிந்து விழும். கீழ் இரண்டு அடியை ஓவியத்தின் முக்கியப் பகுதியாக வைக்காமல் ஒற்றை நிறமாக விட்டுவிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிப்பது சுலபம்.

பெயிண்டில் போர் தண்ணீர் கலக்காதீர்கள். கேன் தண்ணீர் வாங்குவது வீண்செலவு போலத் தெரியும், உப்புத் தண்ணீரில் கலந்த நிறம் திட்டுத்திட்டாக வரும்போது புரியும். வெயிலுக்கு முதலில் வெளுப்பது பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும்தான். காவி, மண் மஞ்சள் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் தாங்கும். ஐயனார் கோயில் குதிரைகளுக்கு நம் ஆட்கள் அடித்த நிறங்களை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாருங்கள். எது நிற்கிறது, எது ஓடிப்போனது என்று தெரியும்.

சாரத்தில் ஏறும் முன் மேலே பாருங்கள், மின்கம்பி எவ்வளவு தூரம் என்று. இரண்டு மாடிக்கு மேல் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். உதவிக்கு வருபவர்களுக்கு வங்கியில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரச் சொல்லுங்கள். வருடம் 20 ரூபாய், 2 லட்சம் வரை. நான் முதல் நாள் சம்பளத்தோடு அந்த 20 ரூபாயையும் கொடுத்துவிடுகிறேன்.

6. கணக்கு

கடந்த தை மாதம் நான் முடித்த 600 சதுரடிச் சுவரின் நோட்டுக் கணக்கை அப்படியே தருகிறேன். சதுரடிக்கு 150 ரூபாய் என்று பேசியிருந்தேன், மொத்தம் 90,000.

சுவர் கழுவி ஒட்டுப்போட 5,400. பிரைமர் 1,800. வெளிப்புற எமல்ஷன் 8,600. நிறம் கலக்கும் ஸ்டெயினர் 1,500. பிரஷ், ரோலர், டேப், உப்புத்தாள் 2,700. சாரம் வாடகையும் கட்டுக்கூலியும் 9,000. இரண்டு உதவியாளர்கள், எட்டு நாள், ஆளுக்கு நாள் 1,000 வீதம் 16,000. சாப்பாடு, டீ, ஆட்டோ 6,500. மேல்பூச்சு 4,500. ஆக 56,000.

மீதி 34,000. எட்டு நாளைக்கு இது நல்ல பணம் என்று தோன்றும். ஆனால் ஸ்கெட்சுக்கு ஐந்து நாள், அலுவலகம் அலுவலகமாக அலைந்தது பதினொரு நாள். 24 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 1,400 ரூபாய் சொச்சம். என்னோடு நின்றவருக்கு நாள் ஆயிரம்.

அதனால் இப்போது வடிவமைப்புக்குத் தனித் தொகை, செயல்படுத்தச் சதுரடித் தொகை, அனுமதி வாங்கும் பொறுப்பு என்மேல் என்றால் அதற்கு ஒரு தொகை என்று மூன்றாகப் பிரித்துக் கொட்டேஷன் தருகிறேன். வேலை கடைசி நேரத்தில் நின்றுபோனாலும் வடிவமைப்புப் பணம் கைக்கு வரும். சதுரடிக்கு 40 ரூபாய்க்கு அடித்துத் தருகிறேன் என்று இன்னொருவர் வருவார். வரட்டும். அது விளம்பரச் சுவர் எழுதும் ரேட், அந்தத் தொழிலில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். போட்டி போடாதீர்கள்.

பெயிண்ட் அளவுக்கு ஒரு கணக்கு. சுமாரான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 50 முதல் 60 சதுரடி வரும். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும்.

7. ஒப்பந்தம்: காலண்டர் கதை

ஒரு வளாகச் சுவரில் பெரிய மீன்கூடை வரைந்தேன். அடுத்த வருடம் பொங்கலுக்கு நண்பன் வீட்டுக்குப் போனால் அடுக்களைக் கதவில் என் மீன்கூடை தொங்குகிறது, ஜனவரி மாதத்துக்கு மேலே. வக்கீலிடம் போனேன். "ஒப்பந்தம் இருக்கா?" என்றார். மெயிலில் "ஓகே சார்" மட்டும் இருந்தது.

அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 1957ஆம் வருடக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டு வரையப்பட்ட ஓவியத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே. வரைந்தவர் இல்லை. நம் தொழிலில் இருக்கும் மிகப் பெரிய பள்ளம் இதுதான், முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு பக்க ஒப்பந்தமாவது போடுங்கள். "காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், சுவரில் காட்சிக்கு வைக்கவும் தங்கள் திட்டத்தைப் பற்றிச் சொல்லவும் மட்டும் பயன்படுத்தலாம், விளம்பரம், பொருள், காலண்டர் ஆகியவற்றுக்குத் தனி அனுமதியும் தனித் தொகையும் வேண்டும்" என்பது முதல் ஷரத்து. பொது இடத்தில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் வாதிடுவார்கள். மும்பைச் சுவரோவியம் ஒன்றைத் தன் விளம்பரத்தில் காட்டிய காப்பீட்டு நிறுவனத்தின் மேல் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வழக்கே போனது.

இரண்டாவது ஷரத்து, இடிப்பது பற்றி. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் இழப்பீடும், மிஞ்சிய பாகங்களும் தரச் சொன்னது. அதே காப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி, படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பது படைத்தவரின் தனி உரிமை. காப்புரிமையை விற்றாலும் அது நம்மோடேயே இருக்கும். ஆனால் 2019இல் அதே நீதிமன்றம், டெல்லி பிரகதி மைதானத்தில் இடிக்கப்பட்ட கட்டடத்தின் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலின் வழக்கில், நிலத்தின் உரிமையாளர் முழுதாக இடிப்பதைத் தடுக்க முடியாது என்றது. நீதிமன்றத்தை நம்பி உட்காராமல், "மாற்றவோ அழிக்கவோ 60 நாள் முன்னறிவிப்பு, படம் எடுத்துக்கொள்ள வாய்ப்பு" என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

மூன்றாவது, பணம். 50 சதவீதம் அட்வான்ஸ், பாதி முடிந்ததும் 30, முடிந்த 15 நாளில் 20. அட்வான்ஸ் வராமல் பிரைமர் வாங்காதீர்கள். ஸ்கெட்சில் எத்தனை திருத்தம் என்றும் எழுதுங்கள். இரண்டு. மூன்றாவதிலிருந்து காசு.

8. பில், வரி, வராத பணம்

பான் அட்டை ஆதாரோடு இணைந்திருக்கட்டும். கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், பான் இல்லாவிட்டால் 20. ஒப்பந்தப் பணி என்று கணக்கெழுதினால் தனிநபருக்கு 1 சதவீதம்தான் பிடிப்பார்கள். எந்தத் தலைப்பில் போடுகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். பிடித்த பணம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். வருமான வரி ரிட்டர்ன் போட்டால் வருமானத்தைப் பொறுத்துத் திரும்ப வரும். எனக்கு ஒரு வருடம் 31,000 வந்தது, அதுதான் அந்த வருடத்து மழைக்கால வாடகை. வரவில் பாதியைச் செலவாகக் காட்டும் எளிய முறையில் கணக்குப் போடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தத் தொழில் பட்டியலில் சினிமாக் கலைஞர் இருக்கிறார், சுவரோவியர் பெயர் இல்லை. ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். சேவை வரவு வருடம் 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஜிஎஸ்டி இல்லாவிட்டால் வேலை தர மாட்டோம் என்பவர்கள் உண்டு, அவர்களுக்காக மட்டும் பதியாதீர்கள்.

பதினான்கு மாதம் காக்கவைத்த வேலையில் நான் மூன்றாம் கை. நிறுவனம் ஒருவருக்குக் கொடுக்க, அவர் இன்னொருவருக்குக் கொடுக்க, அவர் எனக்குக் கொடுத்தார். "மேல இருந்து வரல" என்பதே பதில். அதற்குப் பிறகு உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்தேன். இலவசம், அரசுத் தளத்தில் ஆதார் எண் இருந்தால் கால் மணி நேரம். 2,000 ரூபாய்க்குச் செய்து தருகிறோம் என்று கூகுளில் முதலில் வரும் தளங்கள் தரகர்களுடையவை. சிறுதொழிலாகப் பதிந்தவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி உண்டு. தராத தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்கவும் கம்பெனியால் முடியாது. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பினால் கணக்குப் பிரிவு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்கிறது.

9. உதவித்தொகை

சுவர் வேலை மட்டும் நம்பினால் மழைக்காலம் பட்டினி. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெலோஷிப் மாதம் 10,000, சீனியருக்கு 20,000, இரண்டு வருடம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இளம் கலைஞர் உதவித்தொகை மாதம் 5,000. மாதம் என்று சொன்னாலும் ஃபெலோஷிப் பணம் அரையாண்டுத் தவணையாகத்தான் வரும், நடுவில் அறிக்கை கேட்பார்கள். வாடகைக்கு நம்ப வேண்டாம். பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், டெல்லியின் கோஜ், இந்த இரண்டு கலை அமைப்புகளின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள். சென்னைக்குள் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியின் பலகையில் ஒட்டியிருப்பதைப் போகும்போதெல்லாம் படியுங்கள்.

விண்ணப்பத்தில் மீன்கூடை அழகாக இருக்கிறது என்று எழுதாதீர்கள். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள், தெருவில் யாரோடு பேசினீர்கள், எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர்களுக்கு ஓவியம் படத்திலேயே தெரிந்துவிடும்.

10. முடித்த அன்று

காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்துவிடுங்கள், முழுச் சுவர் ஒன்று, ஆள் நிற்கிற மாதிரி ஒன்று, அருகில் நான்கு. மறுநாள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கலாம். டிரோன் பறக்கவிடும் ஆசை இருந்தால் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள், விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

ஒப்படைப்புக் கடிதம் ஒன்று எழுதி, தேதி போட்டு, எதிர்த்தரப்பின் கையெழுத்து வாங்குங்கள். கடைசி 20 சதவீதம் அதைக் காட்டினால்தான் வரும். அதே ஃபைலில் பெயிண்ட் நிற எண்களையும் எழுதிவையுங்கள், அடுத்த வருடம் ஒட்டுப்போடும்போது தேடாமல் இருக்கலாம். ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் மிச்சம் வைத்து, மூடி இறுக்கி, பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

என் இரண்டாவது சுவருக்கு அப்படிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கடை அக்கா மூன்று வருடம் போஸ்டர்காரர்களை விரட்டினார். கீழே உப்புப் பூத்த இடத்தில் தானே நீலம் அடித்திருந்தார், கொஞ்சம் திட்டாக. சாலையை அகலப்படுத்தச் சுவரை இடிக்க ஆட்கள் வந்தபோது எந்த அலுவலகமும் எனக்குச் சொல்லவில்லை, அந்த ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு ஷரத்து இல்லை. காலை ஏழு மணிக்கு அக்காதான் போன் செய்தார். "ஜேசிபி வந்து நிக்குது தம்பி. படம் ஏதாச்சும் எடுக்கணும்னா இப்பவே வா."

போய் எடுத்தேன். 46 படம். இப்போது என் விண்ணப்பங்களில் முதல் பக்கத்தில் வைப்பது அதில் ஒன்றைத்தான், அக்காவின் நீலத் திட்டோடு.